மூன்றாவது கரண்டி

அத்தியாயம் 11

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிகிற வீட்டின் கதை இது. அது ஏன் என்று இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கீழ் வீட்டில் மூத்த மருமகள், பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. பிள்ளைகள் வைத்த பெயர் கரண்டியம்மா. மேல் வீட்டில் அவள் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். சரியான லோடு கிடைக்காமல் ஊர் ஊராக அலைகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

மூன்று மாதத்துக்கு முன்னால், வந்திருந்த விருந்தாளிகளை வைத்துக்கொண்டே ஓரகத்தி ஒரு வார்த்தை விட்டாள். "பள்ளிக்கூடத்துச் சாமான்தானே இந்த வீட்டு உலையில வேகுது!"

பதினாறு வருஷமாக அண்டா அண்டாவாகச் சமைத்தும் ஒரு பிடி அரிசியை வீட்டுப் பக்கம் கொண்டுவராதவள் மூத்தவள். அவளைப் பார்த்தா இந்தச் சொல்? அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து நின்றது. "இனிமே என் அடுப்பங்கரை வாசலை நீயும் மிதிக்காதே, உன் புருஷனும் மிதிக்க வேணாம், உன் பிள்ளையும் மிதிக்க வேணாம்!"

அன்றிலிருந்து யாரும் மிதிக்கவில்லை. ஓரகத்தியின் எட்டு வயசுப் பெண் குண்டூசிகூட மிதிக்கவில்லை. ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். மாடிப்படியில் ஏறி இறங்கும்போது பெரியம்மா வீட்டுக் கதவைப் பார்க்காமல் போகக் கற்றுக்கொண்டுவிட்டாள். பெரியவர்கள் சண்டையைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இந்த வாரம் வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, கூடத்து மேஜைகளை எல்லாம் துடைத்தாயிற்று. பை கட்டும் நேரம்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் சாப்பாடு உண்டு. சனியும் ஞாயிறும் பள்ளிக்கூடம் இல்லை, சாப்பாடும் இல்லை. அந்த இரண்டு நாளும் வயிறு காய்கிற பிள்ளைகளுக்காக அக்கம்பக்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைக்கொரு பை கட்டுகிறார்கள். ரொட்டி, பழம், பால் பவுடர், கையாலேயே திறக்கிற டப்பாவில் அவித்த கடலை, பிஸ்கட். தீப்பெட்டியும் கத்தியும் தேவைப்படாத சாமான்களாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளை பையைத் திறக்கும்போது வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாதல்லவா?

இதற்கெல்லாம் தலைவி மருந்துக்கடை அம்மா. சிரித்தால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிறவர். ஆனால் நேர்மையானவர்.

எந்தப் பிள்ளைக்குப் பை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரம்பத்தில் எல்லோரும் முழித்தார்கள். 'யாருக்கெல்லாம் வீட்டில் சாப்பாடு இல்லை, கையைத் தூக்குங்கள்' என்று கேட்க முடியுமா? அப்போது கரண்டியம்மாதான் முன்னால் வந்து சொன்னாள்: "எட்டு திங்கக்கிழமை டைம் குடுங்க. பேரோட சொல்றேன்."

அவளுடைய வழி எளிமையானது. வெள்ளிக்கிழமை ஒரு கரண்டிச் சோற்றைப் பார்த்தே முகம் சுளிக்கிற பிள்ளை, திங்கட்கிழமை இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினால், நடுவில் வந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் சரியாக இல்லை என்று அர்த்தம். இப்படிப் பார்த்துப் பார்த்து அறுபத்து மூன்று பெயர் சொன்னாள். டீச்சர்கள் விசாரித்தார்கள். ஒன்றுகூடத் தப்பில்லை. அதற்கப்புறம் கரண்டியம்மாவின் நடையே மாறிவிட்டது. கலெக்டரே வந்து கேட்டாலும் உட்கார்ந்தபடியே பதில் சொல்லுவாள் போலிருந்தது.

அன்றைக்கு அறுபத்து மூன்றாவது பையை முடிச்சுப் போடும்போது மூன்றாம் வகுப்பு டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கரண்டியம்மா, பட்டியல்ல ஒரு பேர் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகாது."

"என் வகுப்புப் பிள்ளை. திங்கக்கிழமை முதல் பீரியட்ல மேஜை மேல தலைய வச்சுப் படுத்துடறா. கேட்டா வயித்துவலிங்கறா. மத்தியானம் சாப்பிட்டு வந்தப்புறம் வலியைக் காணோம்."

"யாரு அது? சொல்லுங்க, நான் பாக்காத தட்டா?"

டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க வீட்டுப் பிள்ளைதான். குண்டூசி."

கரண்டியம்மா குரலைத் தாழ்த்துகிற ஜாதி இல்லை.

"என்ன சொன்னீங்க? எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பிச்சைப் பையா?"

 ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மருந்துக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்போ இத்தனை நாளா நாம கட்டினதுக்குப் பேரு பிச்சைப் பையா? அடுத்தவன் பிள்ளைக்குன்னா உதவி, உங்க பிள்ளைக்குன்னா பிச்சை. அப்படித்தானே?"

"நீங்க இதுல வராதீங்கம்மா. நான் டீச்சர்கிட்ட பேசறேன்." கரண்டியம்மா டீச்சர் பக்கம் திரும்பினாள். "அவ உடம்பு வாகே அப்படி. அவ அப்பனும் ஒல்லி. பேருக்குக்கூட உடம்புல சதை கிடையாது."

டீச்சர் வயதில் சின்னவள். ஆனால் பின்வாங்கவில்லை. "நான் சொல்றத விடுங்க. உங்க கணக்கையே பாருங்க. திங்கக்கிழமை அவ எத்தனை கரண்டி வாங்கறா?"

கரண்டியம்மா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். 

மூன்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று கரண்டி. பள்ளிக்கூடத்திலேயே மூன்றாவது கரண்டி வாங்குகிற ஒரே பிள்ளை.

அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். வரிசையில் மூன்றாவது தடவையாக வந்து நின்று, "பெரியம்மா, இன்னும் கொஞ்சம்" என்று குண்டூசி தட்டை நீட்டும்போது இவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். பக்கத்தில் நிற்கும் உதவியாளை இடித்துக் காட்டுவாள். "பாத்தியா? வீட்ல அவ ஆத்தா சமையல் தொண்டையில இறங்கல. என் கை ருசிக்குத்தான் நாக்கு அலையுது!" மூன்றாவது கரண்டியை மற்ற இரண்டையும்விட நிறைவாக அள்ளிப் போடுவாள். ஓரகத்தியை ஜெயித்துவிட்ட திருப்தியோடு அன்றைய பாத்திரத்தைக் கழுவுவாள்.

ஊரார் பிள்ளைகள் தட்டை நீட்டினால் பசி. தன் வீட்டுப் பிள்ளை நீட்டினால் பாராட்டு. அறுபத்து மூன்று பெயரைச் சரியாகச் சொன்னவள் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

அதை ஒப்புக்கொள்ளுகிற மனசு வர வேண்டாமா? கோபம்தான் வந்தது.

"டீச்சர், உங்க வேலை பாடம் நடத்தறது. என் வீட்டு உலையில என்ன கொதிக்குதுன்னு எட்டிப் பாக்கறது இல்ல."

"உங்க வீட்டு உலைய நான் பாக்கல. அந்தப் பிள்ளை மூஞ்சியத்தான் பாத்தேன்."

மருந்துக்கடை அம்மா ஒரு காகிதத்தை மேஜைமேல் தள்ளினார். "அறுபத்து நாலாவது பை கட்டிடலாம். ஆனா அம்மாவோ அப்பாவோ இதுல கையெழுத்துப் போடணும்."

இந்தக் காகிதத்துக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாவது மாதம் ஒரு தகப்பன் வந்து பையைக் கூடத்தின் நடுவில் வீசியெறிந்து, என் பிள்ளை பட்டினி என்று எவன் சொன்னான் என்று கத்திவிட்டுப் போனான். அதிலிருந்து கையெழுத்து இல்லாமல் பை கிடையாது.

"மத்தவங்களுக்கு ஒரு வாரம் முன்னப்பின்ன விட்டிருக்கேன்," என்றார் மருந்துக்கடை அம்மா. "உங்க வீட்டுக்கு விட மாட்டேன். சமையற்காரி தன் வீட்டுக்கே ஒரு பை ஒதுக்கிட்டான்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா, நான் காட்டறதுக்குக் காகிதம் வேணும். பை என் கடையில இருக்கும்."

ஓரகத்தி சொன்ன அதே சொல். ஆள்தான் வேறு. கரண்டியம்மா ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் வீசினாள். "பாத்திரத்த இன்னிக்கு நீங்களே கழுவிக்குங்க." வேகமாக வெளியே நடந்தாள். ஆனால் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

வீட்டில் அவள் புருஷன் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எலக்ட்ரீஷியன். ஊரார் வீட்டில் எல்லாம் விளக்கு எரியும், இவன் வீட்டு வாசல் விளக்கு ஆறு மாதமாக எரியவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்தான்.

"மேல போகாதே," என்றான்.

"ஏன்?"

"போனா நீ பேசுவே."

"பேசாம பின்ன என்ன, பாட்டா பாடுவாங்க?"

"நீ பேச ஆரம்பிச்சா அவ காது குடுத்துக் கேக்கற மாதிரியா பேசுவே? விடு. தம்பி வரட்டும், நான் சொல்றேன்."

"உங்க தம்பி வர்றதுக்குள்ள எத்தனை சனிக்கிழமை போகும்?"

அவன் மறுபடி திருகாணியைத் தேடினான். கிடைக்கவில்லை.

அவள் ஏழு மணிக்கு மாடி ஏறினாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. ஒவ்வொரு படியிலும் நல்லபடியாகப் பேச வேண்டும், நல்லபடியாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினாள். அது பொய்யில்லை.

கதவு திறந்திருந்தது. குண்டூசி தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய வேலை உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

சமையற்காரிக்கு ஒரு அடுப்படியைப் படிக்க அரை நிமிஷம் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் கஞ்சி. அதற்கு மேல் அலமாரியில் அரை ரொட்டி, ஒரு பால் பாக்கெட், இரண்டு பழம். அவ்வளவுதான். கேஸ் அடுப்பைத் திருகும் குமிழ்கள் இரண்டையும் கழற்றி உயரத்தில் ஒரு டம்ளருக்குள் போட்டு வைத்திருந்தது. பிள்ளை தனியாக இருக்கும்போது தொட்டுவிடக் கூடாது என்றுதான்.

தொண்டைவரைக்கும் நல்ல வார்த்தைதான் வந்தது. வாயில் வேறு மாதிரி வந்தது.

"சனி ஞாயிறு பிள்ளைக்கு என்ன போடறே?"

ஓரகத்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மூணு மாசம் கழிச்சு மாடியேறி வந்து கேக்கற கேள்வியா அக்கா இது? ஏய், நீ உள்ள போய் எழுது."

குண்டூசி நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"காலையில அஞ்சரைக்குப் போறேன். ராத்திரி எட்டுக்கு வர்றேன். ரெண்டு ஷிஃப்ட் பாக்கலேன்னா இந்த ரொட்டியும் இல்ல. பால் இருக்கு, பழம் இருக்கு. போதுமா?"

"பதினாலு மணி நேரத்துக்கு அரை ரொட்டி! கீழ நான் ஒருத்தி இல்ல? செத்தா போயிட்டேன்?"

"வாசப்படிய மிதிக்காதேன்னு யாரு சொன்னாங்க? நானா? என் பிள்ளை ஞாயித்துக்கிழமை ஜன்னல் கதவ ஏன் சாத்தி வைக்கிறா தெரியுமா? நீங்க கீழ தாளிக்கறது மேல வருது. அதான்."

 பதில் சொல்ல முடியாதபோது எப்போதும் செய்வதைத்தான் கரண்டியம்மா செய்தாள். குரலை உயர்த்தினாள். காகிதத்தை இஸ்திரி மேஜைமேல் போட்டாள்.

"இதுல கையெழுத்துப் போடு. பை வாங்கிட்டு வர்றேன்."

ஓரகத்தி காகிதத்தை எடுத்து வாய்விட்டே படித்தாள். "'விடுமுறை நாட்களில் எங்கள் குழந்தைக்குப் போதிய உணவும், வீட்டில் பெரியவர் துணையும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஆஹா. நல்லா இருக்கு. பிள்ளையப் பட்டினி போட்டுத் தனியா விட்டுட்டுப் போறேன்னு நானே எழுதித் தரணும். அத நீங்க கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்டணும். அப்புறம் எவனாவது பிள்ளைங்க பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போகணும். அதானே திட்டம்?"

"யாருடி கூட்டிட்டுப் போறது? பைத்தியமா உனக்கு?"

"எங்க ஆஸ்பத்திரியில ஒருத்திக்கு நடந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி எழுதிப் போட்டா. ரெண்டு மாசம் பிள்ளைய கண்ணுல காட்டல." அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏறிவிட்டது. "அது மட்டும் இல்ல. பள்ளிக்கூடத்துச் சாமான் வீட்டுக்கு வருதுன்னு நான் சொன்னது பொய்யின்னு அத்தனை குதி குதிச்சீங்க. இப்போ நீங்களே என் கையெழுத்த வாங்கிக்கிட்டுக் கொண்டுவரப் போறீங்க. தெருவுல நாலு பேர் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன்."

அவள் பயப்படுகிறாள். கரண்டியம்மாவுக்கு அது தெரிந்தது. அந்த இடத்தில் அவள் தோளைத் தொட்டு, சரி விடு, காகிதமும் வேண்டாம் கையெழுத்தும் வேண்டாம், பிள்ளையைக் கீழே அனுப்பு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்தக் கதை இன்றைக்கே முடிந்திருக்கும். அந்த ஒரு வரி நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் 'சிரிப்பேன்' என்ற சொல் நெஞ்சில் சுருக்கென்று குத்திவிட்டது.

"பெத்துட்டா மட்டும் அம்மா ஆயிட முடியாது. ஒரு வயித்துக்குப் போடத் துப்பில்லாதவளுக்குப் பிள்ளை எதுக்கு?"

 விட்ட வார்த்தையைப் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ள வழி இருந்தால் அந்த நிமிஷம் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

ஓரகத்தி கத்தவில்லை. காகிதத்தை நாலாக மடித்தாள். கரண்டியம்மாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"நாளையிலேருந்து கதவ வெளியில பூட்டிட்டுப் போறேன். சாவி என்னோட வரும். யாரு வந்து என் பிள்ளைக்கு என்ன குடுக்கறாங்கன்னு நானும் பாக்கறேன். இப்போ இறங்குங்க அக்கா."

இறங்கினாள். பாதி மாடி வரைக்கும்தான். படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஏறும்போது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் இருந்தது சாப்பாடு மட்டும்தான். இப்போது கதவும் போயிற்று. இதைச் செய்தது அவள்தான், வேறு யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மேலே கதவு திறந்தது. குப்பைக்கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குண்டூசி இறங்கி வந்தாள். வழியில் பெரியம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள். தாண்டிப் போக இடமில்லை.

கரண்டியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு விரலுக்குள் அடங்கியது. இதைப் பிடித்துப் பார்க்க இத்தனை நாள் ஆயிற்றா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன்டி கண்ணு, வாரா வாரம் என் எதிர்லதானே வந்து நிக்கறே? பசிக்குது பெரியம்மான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

குண்டூசி கூடையை ஒரு படியில் இறக்கி வைத்தாள். பாடத்தில் கேள்வி கேட்டால் யோசிப்பது போல யோசித்தாள். பிறகு மேல் வீட்டுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம்னு கேட்டா நீங்க சிரிப்பீங்க பெரியம்மா. பசிக்குதுன்னு சொன்னா அம்மாவத் திட்டுவீங்க."

கரண்டியம்மாவின் பிடி தளர்ந்தது.

மேலே ஓரகத்தியின் குரல் கேட்டது. "அங்க யார்கிட்டடி பேசிட்டிருக்கே?"

குண்டூசி பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மாடிக் கதவைப் பார்த்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"யாரும் இல்லம்மா."

சொல்லிவிட்டு, கூடையை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. காலை ஐந்தரைக்குப் பூட்டு விழ இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.